தட்டுக்கு அளவான மீன்

சமையல் பழக வந்திருக்கும் பிள்ளைகளே, கத்தி பிடிக்கவும் நெருப்பை அடக்கவும் உங்களுக்குப் பழக்கித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வேலைக்காலத்தில் பெரும்பகுதியைக் கடற்கரை விடுதி ஒன்றின் குசினியில் சமைத்தே கழித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மாதம் உங்களில் ஒருத்தி என்னிடம், "றீற்றாக்கா, நீங்கள் சமைச்சதிலேயே கஷ்டமான சாப்பாடு எது?" என்று கேட்டாள். நண்டுக்கறி அது இது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சரியான பதில் ஞாபகம் வந்தது. ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குச் சாளை மீன் பொரித்து வைத்தேன். அதுதான்.

உப்புவெளியில் அப்போதுதான் ஒவ்வொரு விடுதியாகத் திறந்துகொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து பாதை திறந்து, வெள்ளைக்காரரும் தெற்கத்திச் சனமும் கடல் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் முதலாளி, திருகோணமலை நகரத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர், கடற்கரையோரம் கிடந்த சீதனக் காணியில் சின்னதாக ஒரு விடுதியைக் கட்டினார். கன்னியர் மடத்து விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த என்னை அங்கே கூப்பிட்டார்கள். மடத்தில் பருப்பும் கீரையும் சமைத்த கைக்கு, ஒரு குசினியை முழுதாகத் தந்தார்கள். அதன் யன்னலைத் திறந்தால் கடல். காலையில் அடுப்பு மூட்டுமுன் அந்த யன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நிற்பேன். உப்புக் காற்றில் தகரப் பேணிகள் எல்லாம் துருப்பிடித்தன. அதற்காக ஒரு நாளும் நான் அந்த யன்னலைச் சாத்தி வைத்ததில்லை.

மீன் கொண்டுவந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரபீக். கடலுக்குள் மூழ்கி, ஈட்டித் துவக்கால் மீன் குத்துகிறவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், பாதைப் படகுக்குக் காத்து நின்று மீன் வெயிலில் கெட்டுப்போன கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். என்னை அவர் தங்கச்சி என்பார், நான் அவரை நானா என்பேன். உண்மையில் யார் மூத்தவர் என்பதை நாங்கள் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை.

முதல் சீசனில் முதலாளி கொழும்பிலிருந்து நீள்வட்டத் தட்டுகள் வாங்கிவந்தார். ஆளுக்கொரு முழு மீன், தலையும் வாலும் சேர்த்து, அந்தத் தட்டில் கிடக்க வேண்டும். அதுதான் எங்கள் விடுதியின் பெயர்சொல்லும் சாப்பாடாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ரபீக் நானா ஒரு தட்டைக் கையில் எடுத்து, விரலை விரித்து அளந்து பார்த்தார்.

"இந்த அளவோட வேணுமா?"

"ஓம் நானா. வால் வெளியில தொங்கக் கூடாது."

அதற்குப் பிறகு அளவு தவறியதே இல்லை. முருகைக்கல்லில், அதாவது கடலடிப் பவளப்பாறையில், வாழும் மீன்கள்தான் எல்லாம். களவாய், விளைமீன், பச்சையும் நீலமுமாகக் கிளிமீன். எலுமிச்சம்புளியும் மிளகும் தடவி வாட்டி வைத்தால், சாப்பிட முதல் படம் எடுப்பார்கள். பக்கத்து விடுதிகளும் அதே மாதிரித் தட்டுகள் வாங்கின. பின்னேரங்களில் கடற்கரை முழுக்க மீன் வாட்டுகிற மணம் நிற்கும். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும். நாங்கள் எல்லோரும் பயந்து பயந்து வாழ்ந்த ஊரில், விளக்குப் போட்டு, கதிரை இழுத்துப் போட்டு, ஆட்கள் ஆறுதலாக இருந்து சாப்பிட்டார்கள். அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

சீசன்கள் போகப் போக ரபீக் நானா வருகிற நேரம் பிந்தியது. முதலில் களவாய் குறைந்தது. பிறகு விளைமீன் குறைந்தது. பெட்டியில் கிளிமீன் மட்டும் வரத் தொடங்கியது. கேட்டால், "கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருக்கு" என்பார். எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. மடத்துக் குசினியில் பெரிய மீன் வெட்டினால் வயிற்றில் முட்டை இருக்கும், அதைப் பொரித்துத் தின்ன எங்களுக்குள் பங்குச் சண்டையே நடக்கும். இந்தத் தட்டளவு மீன்களில் முட்டை கண்டதாக எனக்கு ஞாபகமில்லை. அதைப் பற்றி ஒரு தரம் தேவியிடம் சொன்னேன். தேவி என்பவள் எனக்கு உதவிக்கு நின்ற பிள்ளை, கெட்டிக்காரி. "முட்டை இல்லாட்டி வெட்டுறது சுகம்தானே அக்கா" என்றாள். அதோடு விட்டுவிட்டோம்.

பிறகு அந்த விருந்து வந்தது.

கொழும்பில் பெரிய சுற்றுலாக் கம்பனி ஒன்று. எங்கள் விடுதி பிடித்துக்கொண்டால் சீசன் முழுக்க ஆட்களை அனுப்புவார்கள். முதல் கூட்டத்தோடு கம்பனியின் மனேச்சரே வந்து சாப்பிட்டுப் பார்ப்பார் என்று சொன்னார்கள். முதலாளி சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார். மனேச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஆளுக்கொரு முழு மீன், படத்தில் பார்த்த மாதிரியே.

நான் ரபீக் நானாவுக்குப் போன் எடுத்து எத்தனை மீன் வேண்டும் என்று சொன்னேன்.

"பாப்பம் தங்கச்சி" என்றார்.

விருந்து நாள் காலை, வழக்கத்துக்கு மாறாக இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். தலைக்கவசத்தையும் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்தேன். எல்லாம் தட்டுக்கு அளவான மீன், கண் பளபளப்பாக, செவுள் சிவப்பாக. எனக்குச் சந்தோஷத்தில் கை அவசரப்பட்டது. தேவி செதில் கழிக்கத் தொடங்கினாள். நான் ஒன்றை எடுத்து வயிற்றைக் கீறினேன்.

கத்தி போன விதம் பிடிக்கவில்லை. சதை விறைப்பில்லாமல் இருந்தது. முள்ளந்தண்டு நெடுகக் கறுத்த இரத்தம் கட்டியிருந்தது. விலா முள்ளுகள் சதையை விட்டுத் தனியாகக் கழன்று வந்தன. உள்ளே காற்றுப்பை கிழிந்து கிடந்தது. அடுத்ததைக் கீறினேன், அதற்கடுத்ததையும் கீறினேன். எல்லாம் ஒரே மாதிரி.

"என்னக்கா?" என்றாள் தேவி.

"ஒண்டுமில்லை. நீ பின்னால போய்த் தேங்காயைத் திருவு."

அவள் போனபிறகு கத்தியை வைத்தேன். பிள்ளைகளே, இப்படி ஒரு இடத்தில் முதலில் செய்ய வேண்டியது மற்றவர்களை வெளியே அனுப்புவது. ஒரு மனிதனை ஆட்கள் பார்க்க நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால், அவன் தன் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பான். உண்மை வராது.

"நானா, இது வெடி போட்டு எடுத்த மீன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

"நீங்கள் போட்டனீங்களோ?"

"நான் போடல்ல. என்ட வாழ்க்கையில அதைத் தொட்டதில்ல. போட்டவன்ட்ட வாங்கின."

"ஏன்?"

"இந்தக் கிழமை முழுக்கத் தண்ணிக்குள்ளதான் கிடந்த. நீங்க கேட்ட அளவில, கேட்ட தொகை இல்ல. குஞ்சுகளச் சேத்துக் குத்தியும் அரைப் பெட்டி வரல்ல."

"அப்ப இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே நானா."

"இல்லையெண்டு சொன்னா அடுத்த முறை வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அது உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அவர் தொடர்ந்து பேசினார், மெல்லமாக, கோபம் எதுவும் இல்லாமல்.

"களவாய் அந்தத் தட்டளவில இருக்கக்குள்ள ஒரு தரமாவது முட்டை போட்டிருக்குமோ தெரியா. அந்த அளவாப் பாத்துத்தானே இத்தன வருஷமும் எடுத்த. மிச்சம் வளந்து பெருகிறதுக்கு நாம எங்க விட்ட? கிளிமீனும் அப்படித்தான். அது கல்லில வாற பாசியக் கடிச்சுத் தின்னுற மீன். அது போனாக் கல்லே பாசி மூடிச் செத்துப்போகும். பிறகு மற்ற மீன் எங்க வந்து நிக்கும்?"

கடல் பக்கம் யன்னலைத் திறந்துவைத்து இத்தனை வருடம் சமைத்த எனக்கு, அந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் யாரோ சொன்னார்கள். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது கவலை அல்ல, எரிச்சல். இரவு விருந்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்கிறார் என்ற எரிச்சல்.

அந்த நேரம் முதலாளி உள்ளே வந்தார். வேலை நடக்காததைக் கண்டு, "என்ன, எல்லாரும் சிலை மாதிரி நிக்கிறியள்?" என்றார். நான் வெட்டிய மீனைத் திருப்பிக் காட்டிச் சொன்னேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தின்னுறவைக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நல்லாப் பொரிச்சு மசாலா போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகென்ன?"

அது நியாயமான கேள்விதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. கடன்பட்டுக் கட்டிய விடுதி, அதை நம்பி எங்கள் எல்லோருடைய வீடும் இருந்தது. ரபீக் நானா சுவரில் சாய்ந்து நின்றார். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் வரவில்லை. வந்தது ஒரு சமையல்காரியின் கணக்குத்தான்.

"ஐயா, இண்டைக்கு இதைச் சமைச்சால் அந்த வெடிக்காரனுக்கு ஒரு வாசல் கிடைச்சிரும். அடுத்த முறை அவனே நேரா இஞ்ச வருவான். நானாவுக்கு வேலை இல்லை. அவன் ஒருக்கா வெடி போட்டால் பெரிசு, சிறிசு, குஞ்சு, கல்லு எல்லாம் போகும். அதுக்குப் பிறகு உங்கட தட்டில வைக்க இந்தக் கடலில என்ன இருக்கும்?"

"அதெல்லாம் பிறகு பாப்பம். இண்டைக்கு இரவைக்கு என்ன வைக்கிறது?"

"எனக்கு இன்னும் தெரியேல்லை. பின்னேரத்துக்குள்ள சொல்லுறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன். ஆனால் போகச் சொல்லவில்லை. சமைக்க வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ரபீக் நானாதான் சொன்னார், கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள் என்று. அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் விடுதியின் வெறும் ஐஸ் பெட்டி, அதன் மேல் நான். ஒரு கத்தோலிக்கப் பொம்பிளை கிண்ணியா முஸ்லிம் மனிசரோடு மோட்டார் சைக்கிளில் போவதைக் கண்டு மாதா கோயிலடியில் நின்ற பெண்கள் என்ன கதைத்தார்களோ, கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

வலை பாதிதான் கரைக்கு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுப் பின்னால் பின்னால் நடந்தார்கள். சில நாட்களில் வலை நிறையச் சொறிமுட்டை, அந்த ஜெலிமீன்தான் வரும் என்று அங்கே நின்ற ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் சுடுமணலில் செருப்போடு நின்று செபமாலை மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். ரபீக் நானா சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே போய்க் கயிற்றில் கைபோட்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த பாரம் அந்தக் கயிற்றைப் பிடித்த பிறகுதான் இறங்கியது.

வலையின் மடி கரையில் ஏறியபோது வெள்ளி கொட்டின மாதிரி இருந்தது. முக்கால்வாசி சாளை. கொஞ்சம் கீரிமீன், கொஞ்சம் பாரை. முழு மீனாகத் தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. சாளை எங்கள் பக்கத்தில் ஏழை வீட்டுக் கறி. வலையில் நிறைய வரும், கெதியாகப் பெருகும், முள்ளும் நிறைய. விருந்தாளிக்கு வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மீன்.

"சாளையோ?" என்றார் முதலாளி, பெட்டியைப் பார்த்து. "கொழும்பால வந்தவைக்குச் சாளையோ வைக்கப்போறாய், றீற்றா?"

"ஓம் ஐயா."

நானும் தேவியும் மற்றவர்களும் அன்று வேலை செய்த மாதிரி அதற்குப் பிறகு ஒரு நாளும் செய்ததில்லை. எப்படிச் சமைத்தோம் என்பதை நீங்கள் உங்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொள்வீர்கள். சாளை முள்ளோடு நொறுங்கப் பொரிந்தது. பாரை தேங்காய்ப்பாலில் கொதித்தது. கீரியில் தீயலும் சம்பலும். நீள்வட்டத் தட்டுகளை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பெரிய சட்டிகளில் மேசை நடுவில் வைத்தோம்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது சமையலை அல்ல. அவர்கள் வந்து கதிரைகளில் இருந்தபோது, யார் போய்ச் சொல்வது என்ற கேள்வி வந்தது. பேசாமல் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். மழை, புயல் என்று ஒரு பொய் சொல்லலாம். முதலாளி மூலையில் நின்றார், என்னைத் தடுக்கவும் இல்லை, தானாக வரவும் இல்லை. நான் சமையல் முன்னுடுப்பைக் கழற்றாமல் வெளியே போனேன். தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன்:

"இன்றைக்கு முழு மீன் இல்லை. வந்த மீனைத் திறந்து பார்த்தேன், உங்களுக்குத் தரக்கூடியதாக இருக்கவில்லை. இது மத்தியானம் இந்தக் கரையில் இழுத்த வலையில் வந்த மீன்."

மனேச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "தரக்கூடாத மீனை யார் கொண்டுவந்தது?" என்று தமிழில் கேட்டார்.

"அது குசினிக் கதை சேர்" என்றேன்.

ரபீக் நானா குசினியின் பின்படியில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். விருந்தாளிக்கு உண்மை சொல்லுங்கள், ஆனால் உண்மை என்ற பெயரில் ஒரு மனிதனைப் பிடித்து மேசையில் வைக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் நாங்கள் பழக வேண்டும்.

எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு வயதான தம்பதி சாளையைத் தலையோடு கடித்துத் தின்று மறுபடி கேட்டார்கள். சில பேர் முள்ளுக்குப் பயந்து தேங்காய்ப்பால் சொதியோடு சோற்றை மட்டும் சாப்பிட்டார்கள். ஒரு அம்மா கோழி இருக்கிறதா என்று கேட்டார். மனேச்சர் மரியாதையாகச் சாப்பிட்டு மரியாதையாகப் போனார். அந்தக் கம்பனி அதற்குப் பிறகு எங்களுக்கு ஆட்களை அனுப்பவில்லை.

அந்தச் சீசன் மெலிந்து போனது. முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தேவியை நிறுத்தினார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "உங்கட மீனுக்கு நான் போறன் அக்கா" என்றாள். இப்போது புல்மோட்டையில் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை வைத்து நன்றாக இருக்கிறாள். கண்டால் கதைப்பாள், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். அந்த வருடத்தைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டாள். சரியான முடிவு எடுத்தால் நட்டம் வராது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நட்டம் வரும். சில நேரம் உங்களுக்கு வராமல் பக்கத்தில் நிற்கிறவளுக்கு வரும். அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

வெடி மீன் பெட்டிகளை ரபீக் நானா அன்றே திருப்பிக் கொண்டுபோனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை வெறுங்கையோடு வந்து படியில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"நாளைக்கு என்ன கொண்டாற?" என்றார்.

"என்ன வருதோ அதை. கல்லு மீன் மட்டும் வேண்டாம் நானா."

"அப்ப நான் மூழ்கிற வேலைய விட வேணும்."

"ஓம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "மச்சானுக்கு வள்ளம் இருக்கு. வெளிக்கடலில தூண்டில் போடப் பழகலாம். நான் சொல்லிக் குடுக்கிற வயசில பழகப் போறன், சனம் சிரிக்கும்."

சனம் சிரித்ததோ தெரியாது. முதல் மாதங்கள் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. பிறகு பாரையும் சூரையும் அறக்குளாவும் வரத் தொடங்கின. நாங்கள் சாப்பாட்டுப் பட்டியலில் மீன் பெயர் போடுவதை நிறுத்தினோம். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றன்றைக்கு வந்ததை எழுதினோம். மீன் வீணாகிறது குறைந்ததைக் கண்ட பிறகுதான் முதலாளிக்கு என்னோடு பழையபடி கதை வந்தது. கிளிமீன் கேட்கிற விருந்தாளிகள் இன்றைக்கும் வருவார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள். நல்ல சூரை ஒன்றை வாட்டி முன்னால் வையுங்கள், கேட்டால் மட்டும் காரணம் சொல்லுங்கள். மீன்காரரிடம் எந்த மீன் வேண்டும், எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று சொல்லுமுன், இன்றைக்குக் கடலில் என்ன இருந்தது, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். எங்கள் வேலையில் நான் கற்ற ஒன்றே ஒன்று இருந்தால், அது அந்தக் கேள்விதான்.

நான் ஓய்வு பெறுகிற வருடம், கடல் ஆறுதலாகக் கிடந்த ஒரு காலையில், ரபீக் நானா மச்சானோடு அவருடைய வள்ளத்தில் வந்து, "வாங்க தங்கச்சி, நான் முந்தி மீன் குத்தின ஒரு இடம் காட்டுறன்" என்றார். எனக்கு நீந்தத் தெரியாது. காற்றுச்சட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, கண்ணாடி முகமூடி ஒன்றையும் தந்தார்கள். கடலோர மலைக்கு அங்கால் ஒரு முருகைக்கல்லுக்கு நேர்மேலே வள்ளத்தை நிறுத்தி, மச்சான் என் காலைப் பிடித்துக்கொள்ள, வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

கீழே பாதிக் கல் இன்னும் பாசி மூடிக் கறுப்பாகக் கிடந்தது. மற்றப் பாதியில் பழுப்பும் மஞ்சளுமாகப் புது முருகைக் கொம்புகள். அதற்குள் பச்சையும் நீலமுமாக மீன்கள், சின்னன்கள்தான் கூட, ஆனால் நடுவில் பெரிது ஒன்றிரண்டு. இத்தனை ஆயிரத்தை வெட்டியிருப்பேன், ஒன்றை உயிரோடு கண்டது அன்றைக்குத்தான். அப்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ரொட்டி, பாண் துண்டுகளைப் பலபேர் ஒன்றாகக் கடிக்கிற மாதிரி, நறுக் நறுக்கென்று. மூச்சு முட்டத் தலையைத் தூக்கினேன்.

ரபீக் நானா என் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்த நாளில் ஆழத்துக்கு மூழ்கி மூழ்கி அவருடைய இரண்டு காதும் பழுதாகிவிட்டன. இனித் தலையைத் தண்ணீருக்குள் வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

"கிளிமீன் கல்லைக் கடிக்கக்குள்ள ஒரு சத்தம் வரும்" என்றார். "கேக்குதா?"

"ஓம் நானா" என்றேன் சத்தமாக. "நிறையக் கேக்குது."

அவர் தலையாட்டிவிட்டு, "இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க" என்றார். நான் மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.